குடித்தொகையின் பெருக்கமும் சுருக்கமும்: சபரகமுவத் தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

இலங்கையின் குடித்தொகை பற்றிய ஆய்வுகளிலே பெருந்தோட்டத் துறைக்குத் தனியிடம் ஒன்று ஒதுக்கப்படுவது வழக்கம். அவ்விடத்தில் நுவரெலியா, பதுளை, கண்டி ஆகிய மாவட்டங்கள் விரிவாகப் பேசப்படும். இரத்தினபுரி, கேகாலை எனும் இரு மாவட்டங்களைக் கொண்ட சபரகமுவ மாகாணமோ பெரும்பாலும் ஓரிரு வரிகளுடன் விடப்பட்டுவிடும். மலையகத் தமிழ் மக்கள் செறிந்து வாழும் பகுதிகளை மையமாக வைத்து நோக்குவோர்க்கு இது இயல்பாகவே தோன்றலாம். ஆயினும் ஒரு மக்கள் கூட்டம் ஏன் பெருகுகிறது, ஏன் சுருங்குகிறது, ஏன் இடம் பெயர்கிறது என்னும் வினாக்களுக்கு விடை காண முயல்வோர்க்குச் சபரகமுவ தரும் சான்றுகள் ஏனைய பகுதிகள் தருவனவற்றினும் கூடுதலானவை என்பது எமது கருத்து. அங்கு அம்மக்கள் சிறுபான்மையாகவும் சிதறியும் வாழ்ந்தமையால், குடித்தொகையைத் தாக்கும் ஒவ்வொரு விசையும் அங்கே முன்னதாகவும் கடுமையாகவும் வெளிப்பட்டது. அவ்விசைகளை வரிசைப்படுத்தி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கணக்கும் கோட்பாடும்

குடித்தொகை மாற்றத்தின் அடிப்படைக் கணக்கு மிக எளிது. ஓரிடத்தின் தொகை பிறப்பாலும் உள்வருகையாலும் கூடும். இறப்பாலும் வெளியேற்றத்தாலும் குறையும். இந்நான்கினையும் தவிர வேறு வழியில் ஒரு மக்கள் தொகை மாறுவதற்கில்லை என்பது பாடநூல்கள் கூறும் முதற் பாடம்.

இந்நான்கும் எவற்றால் இயக்கப்படுகின்றன என்பதிலேதான் கருத்து வேறுபாடுகள் தோன்றின. 1798 இல் தமது நூலை வெளியிட்ட மல்தஸ், உணவு உற்பத்தியை விஞ்சி மக்கள் பெருகுவர் என்றும், பஞ்சமும் நோயும் அப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் என்றும் வாதிட்டார். 1885 இல் ரேவன்ஸ்ரீன் இடப்பெயர்வின் விதிகளை வகுத்தார். பெரும்பாலானோர் குறுகிய தூரத்துக்கே பெயர்வர் என்பதும், ஒவ்வொரு பெயர்வு ஓட்டமும் தனக்கெதிரான ஓட்டம் ஒன்றைத் தோற்றுவிக்கும் என்பதும் அவர் கூறியவற்றுட் சில. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நோட்ஸ்ரீன் முதலியோர் குடித்தொகை நிலைமாற்றக் கோட்பாட்டை வளர்த்தனர். முதலில் இறப்பு வீதம் வீழும். காலந் தாழ்த்தியே பிறப்பு வீதம் வீழும். இடைப்பட்ட காலத்தில் மக்கள் தொகை விரைந்து பெருகும் என்பது அதன் சாரம்.

இக்கோட்பாடுகள் யாவும் சபரகமுவத் தோட்டங்களுக்கு ஓரளவு பொருந்துவனவே. ஆயின் இவை தாமே கூறாதுவிட்ட ஒன்றினையும் அத்தோட்டங்கள் நமக்குக் காட்டுகின்றன. பிறக்காமலும் இறவாமலும் இடம் பெயராமலும் ஒரு மக்கள் கூட்டம் புள்ளிவிபரத்திற் சுருங்க முடியும். அதனைப் பின்னர் நோக்குவோம்.

2. வருகை: கோப்பியிலிருந்து இறப்பர் வரை

கோப்பிக் காலத்து வருகை பருவகாலம் சார்ந்தது. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து வந்தோர் பழம் பறிக்கும் மாதங்களில் உழைத்துவிட்டு ஊர் திரும்பினர். வந்தோரிற் பெரும்பாலோர் ஆண்கள். 1876 தொடக்கம் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம் இவ்வோட்டத்தைப் பெருக்கியது. எனினும் பஞ்சம் மட்டுமே காரணம் எனக் கொள்வது பொருந்தாது. நிலமற்ற கூலி நிலை, சாதிக் கொடுமை, கடன் என்பன பஞ்சமில்லாத ஆண்டுகளிலும் மக்களை வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. மறுகரையில் மூலதனம் உழைப்பைத் தேடிக்கொண்டிருந்தது. இவ்விரண்டையும் இணைத்த பாலம் கங்காணி ஆவார். உறவினரையும் ஊராரையும் முற்பணம் கொடுத்துத் திரட்டி வந்த கங்காணி, அவர்தம் கடனையும் துண்டு முறையினால் தம் பிடியில் வைத்திருந்தார். கடனுள்ளவரை தொழிலாளி தோட்டம் மாறுவது அரிது. துண்டு முறை 1921 இலேயே ஒழிக்கப்பட்டது.

1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைப் பிடித்த தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. அதனைப் பறிக்கப் பெண்களின் உழைப்பு வேண்டும். ஆகவே குடும்பங்கள் வந்தன, தங்கின. லயன்களிற் குழந்தைகள் பிறந்தன. பயிர் மாற்றம் ஒன்றே பருவகால வருகையாளரை நிலையான குடிகளாக மாற்றியமை குடித்தொகை ஆய்வாளர் கருத்திற் கொள்ளவேண்டிய முக்கிய செய்தியாகும்.

சபரகமுவவின் வரலாறு இவ்விடத்தில் ஏனைய மலைநாட்டின் வரலாற்றிலிருந்து பிரிகிறது. 1876 இல் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்ட இறப்பர்க் கன்றுகள், இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் விலையேற்றம் உண்டானபோது களனிப் பள்ளத்தாக்கெங்கும் பரவின. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிற்றை, உருவன்வெல ஆகிய பகுதிகள் இறப்பர் நாடாயின. அதே காலத்திற் களனிப் பள்ளத்தாக்குக் குறும்பாதைப் புகையிரதம் எட்டியாந்தோட்டையை எட்டியது. 1912 இல் மற்றொரு கிளை இரத்தினபுரியை அடைந்தது. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தைப் பகுதிகளில் தேயிலையும் வளர்ந்தது.

தேயிலையைப் போன்று இறப்பர் அவ்வளவு தொழிலாளரை வேண்டுவதில்லை. பால்வெட்டு விடியற்காலையில் தொடங்கி நண்பகலுக்குள் முடிவது. மழை நாளில் வேலை இல்லை. இறப்பர்த் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு இடையிடையே அமைந்தமையாற் கிராமத்தவரும் வேலைக்கு வந்தனர். இதன் பயனாக, நுவரெலியாவைப் போன்று தொடர்ச்சியான தமிழ்த் தொழிலாளர் நிலப்பரப்பு சபரகமுவவில் உருவாகவில்லை. இங்கொரு தோட்டம், அங்கொரு தோட்டம். இடையே வயலும் கிராமமும். இப்புவியியல் அமைப்பே பின்னாளில் நிகழ்ந்தவற்றுட் பலவற்றைத் தீர்மானித்தது.

ரேவன்ஸ்ரீன் கூறிய எதிர் ஓட்டமும் இல்லாமலில்லை. 1930 களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் இறப்பர் விலை வீழ்ந்தபோது ஆயிரக்கணக்கானோர் தாயகம் திரும்பினர். ஈற்றில், 1939 இல் திறனற்ற தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை இந்திய அரசு தடைசெய்தது. அதனுடன் நூற்றாண்டு காலப் பெருவருகை முடிவுற்றது. அதன் பின் தோட்ட மக்களின் பெருக்கம் பெரும்பாலும் இயற்கைப் பெருக்கமே.

3. பிறப்பும் இறப்பும்

இறப்பின் வரலாற்றில் கேகாலை மாவட்டத்துக்குத் துயரமான இடமுண்டு. 1934 இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் தேங்கிய குட்டைகளாயின; மலேரியாவைப் பரப்பும் நுளம்புகள் அவற்றிற் பெருகின. வழக்கமாக மலேரியா குறைந்த ஈரவலயத்து மக்களிடம் அந்நோயை எதிர்க்கும் சக்தி இருக்கவில்லை. 1934-35 கொள்ளைநோயில் நாடு முழுவதும் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். மிக மோசமாகத் தாக்கப்பட்ட பகுதிகளுள் கேகாலையும் ஒன்று. களனிப் பள்ளத்தாக்கில் நிவாரணப் பணி புரிந்த இடதுசாரி இளைஞர்களுள் ஒருவரான என். எம். பெரேரா 1936 இல் உருவன்வெலத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். மழை பொய்த்தமை இயற்கையின் செயல். மருந்தும் உணவும் கிராமத்தை எட்டாமை சமூகத்தின் செயல். இவ்விரண்டும் சேர்ந்தே இறப்பு வீதத்தை நிர்ணயிக்கின்றன.

இரண்டாம் உலகப் போரின் பின் டி.டி.ரி. தெளிப்பு, சுகாதார சேவைகளின் விரிவு, உணவுப் பங்கீடு ஆகியவற்றின் விளைவாக நாட்டின் இறப்பு வீதம் 1946 இல் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 20 ஆக இருந்து 1947 இல் 14 அளவுக்கு வீழ்ந்தது. ஓராண்டில் இத்தகைய வீழ்ச்சி உலகக் குடித்தொகை நூல்கள் பலவற்றில் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. தோட்டங்களும் இதனாற் பயன்பெற்றன. எனினும் சம அளவிலன்று. தேசிய சுகாதார சேவைக்குப் புறம்பாகத் தோட்ட நிருவாகத்தின் மருந்தகங்களிலே தங்கியிருந்த மக்களிடையே குழந்தை இறப்பு நாட்டின் சராசரியை நெடுங்காலம் விஞ்சி நின்றது.

இவ்வேறுபாட்டின் கூர்மை 1973-74 உணவு நெருக்கடியில் வெளிப்பட்டது. அரிசியும் மாவும் அருகின, பங்கீடு குறைந்தது. கிராமத்தவருக்கு ஒரு மரவள்ளித் துண்டேனும் நடுவதற்குச் சொந்த நிலம் இருந்தது. லயன் அறையில் வாழ்ந்தோர்க்கு அதுவும் இல்லை. 1974 இல் நாடு முழுவதற்குமான குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 51 ஆக இருக்கத் தோட்டங்களில் அது இரு மடங்கினையும் விஞ்சியது. மல்தஸின் கூற்றை மெய்ப்பிக்கும் நிகழ்வென இதனைச் சிலர் கருதக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. தோட்ட மக்கள் மிகுதியாகப் பெருகியமையால் இறக்கவில்லை. நிலமும் உரிமையும் அற்றிருந்தமையால் இறந்தனர். அதே நாட்டில், அதே ஆண்டில், அதே பற்றாக்குறையின் கீழ் இரு மக்கள் கூட்டத்தினர் இருவேறு வீதங்களில் இறந்தமை இதற்குப் போதிய சான்றாகும்.

பிறப்பு வீதம் பின்னர் வீழ்ந்தது. பெண் கல்வி, திருமண வயது உயர்வு, குழந்தை இறப்பின் வீழ்ச்சி என்பன நாடெங்கும் போல் தோட்டங்களிலும் இதற்குக் காரணமாயின. ஆனாற் குடும்பக் கட்டுப்பாட்டு முறைகளுள் நிரந்தரக் கருத்தடையே தோட்டங்களில் மேலோங்கியமை சிந்தனைக்குரியது. நாட்சம்பளம் பெறும் பெண்ணுக்கு ஊக்கத்தொகையும் ஓய்வு நாட்களும் தரப்பட்ட நிலையில், அவள் தெரிவு எவ்வளவு தூரம் சுதந்திரமானது என்னும் கேள்வி எழாமலிருக்க முடியாது.

4. சட்டமும் தொகையும்

குடித்தொகைப் பாடநூல்களில் இடம்பெறாத ஒரு விசை சட்டமாகும். 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1949 இன் 3 ஆம் இலக்க இந்திய பாக்கித்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. 1964 வரையில் ஏறத்தாழ ஒன்றேகால் இலட்சம் முதல் ஒன்றரை இலட்சம் பேர்க்கே பிரசாவுரிமை கிடைத்தது. 1949 இன் தேர்தற் சட்டத் திருத்தத்தால் வாக்குரிமையும் பறிபோயிற்று.

இச்சட்டங்களை எதிர்த்த புகழ்பெற்ற வழக்கு சபரகமுவவிலேயே தோன்றியது என்பதனைப் பலர் அறியார். உருவன்வெலத் தொகுதியின் வாக்காளர் இடாப்பில் பெயர் சேர்க்கப்படாத ஒருவர் தொடுத்த கோடக்கன்பிள்ளை எதிர் முதநாயக்க வழக்கே அது. அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவுக்கு இச்சட்டங்கள் முரணானவை என்று முதலில் விசாரித்த மீளாய்வு அலுவலர் கண்டார். உயர்நீதிமன்றம் 1951 இல் அம்முடிவை நிராகரித்தது. 1953 இற் கோமறைக் கழகமும் மேன்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

இதன் விளைவு விந்தையானது. தொகுதிகளின் எண்ணிக்கை மாகாணத்தின் மொத்தக் குடித்தொகையைக் கொண்டே கணிக்கப்பட்டது. எனவே வாக்கில்லாத தோட்டத் தொழிலாளி ஆசனத்தைப் பெருக்குவதற்காக எண்ணப்பட்டான். அவ்வாசனத்தில் அமர்பவரைத் தெரிவதற்காக எண்ணப்படவில்லை. 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசு வென்ற ஏழு தொகுதிகளுள் சபரகமுவவில் ஒன்றும் இல்லை. சிதறி வாழ்ந்தமையால் இங்கு அவர்கள் இடதுசாரிக் கட்சிகளின் ஆதரவாளராகவே விளங்கினர். வாக்குரிமை போனபின் அப்பலமும் அற்றது.

1964 ஒக்டோபர் 30 இற் கைச்சாத்தான சிறிமா-சாத்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974 ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. மக்களின் விருப்பமோ வேறாக இருந்தது. இலங்கைப் பிரசாவுரிமைக்கு ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோரும், இந்தியப் பிரசாவுரிமைக்கு ஐந்து இலட்சமளவினரும் விண்ணப்பித்தனர். அதாவது, ஒப்பந்தம் ஒதுக்கிய மூன்று இலட்சம் இடங்களுக்கு அதனினும் இரு மடங்கு மக்கள் இங்கேயே வாழ விழைந்தனர். தள்ளுவிசை, இழுவிசை என்னும் கோட்பாட்டின்படி பெயர்வோன் இரு இடங்களையும் ஒப்புநோக்கி முடிவெடுக்கிறான். இங்கே முடிவெடுத்தவை இரு அரசுகள்.

தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறியோரின் கதை நீலகிரியோடு மட்டும் முடிவதன்று. பால்வெட்டுத் தெரிந்தோருக்கு இறப்பர் நிலம் வேண்டியிருந்தது. கேரளத்தின் புனலூர்ப் பகுதியிலும், கருநாடகத்தின் தென்கன்னட மாவட்டத்துச் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளிலும் தாயகம் திரும்பியோர்க்கென இறப்பர்த் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. மொழி தெரியாத ஊரில், ‘தாயகம்’ எனும் பெயரில், அதே கத்தியும் சிரட்டையும் அவர்கள் கைக்கு வந்தன.

5. வன்செயலும் வெளியேற்றமும்

1972 இன் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975 இன் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. நிலச் சீர்திருத்தம் முற்போக்கானதே. ஆயின் நிலம் பகிரப்பட்டபோது அந்நிலத்தில் உழைத்தோர், பிரசைகள் அல்லர் என்னும் காரணத்தாற் பயனடைவோர் பட்டியலுக்கு வெளியே நின்றனர். கேகாலை, கண்டி மாவட்டங்களின் தாழ்நிலத் தோட்டங்கள் பலவற்றில் வேலை குறைந்தது. சிலவற்றில் லயன்களே இல்லாமற் போயின.

அடுத்து வந்தது வன்செயல். 1977 ஓகஸ்ற் வன்செயல் சபரகமுவத் தோட்டங்களையும் தாக்கியது. 1981 ஓகஸ்றில் இரத்தினபுரி மாவட்டத்தின் காவத்தை, பலாங்கொடை, இறக்குவானைப் பகுதிகளில் லயன்கள் எரிக்கப்பட்டன. 1983 யூலை மூன்றாவது அடி. கிராமங்களுக்கிடையே தனித்து நின்ற தோட்டங்கள் தற்காப்பற்றவை என்பது முன்னர் கூறிய புவியியல் அமைப்பின் விளைவே. பலர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளிற் குடியேறினர். வேறு பலர் இந்தியா சென்றனர். வன்னி சென்றோரும் அவர்தம் பிள்ளைகளும் 2009 இல் முடிவுற்ற போரின் நடுவே மீண்டும் அகதிகளாயினர். ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைகள் தமிழகத்திலிருந்து சபரகமுவவுக்கும், சபரகமுவவிலிருந்து வன்னிக்கும், வன்னியிலிருந்து முகாமுக்கும் பெயர்ந்த வரலாறு ஒரு குடிசன மதிப்பு அட்டவணையிலும் தென்படுவதில்லை.

6. பெயர் மாற்றமும் தொகை மாற்றமும்

இனி, தொடக்கத்திற் குறிப்பிட்ட விந்தைக்கு வருவோம். குடிசன மதிப்புகளின்படி இலங்கையில் ‘இந்தியத் தமிழர்’ 1946 இல் ஏறத்தாழ 7.8 இலட்சம், 1963 இல் 11.2 இலட்சம், 1971 இல் 11.7 இலட்சம், 1981 இல் 8.2 இலட்சம், 2012 இல் 8.4 இலட்சம். மொத்தக் குடித்தொகையில் 1946 இல் 11.7 சதவீதமாயிருந்தோர் 2012 இல் 4.1 சதவீதமாயினர். 1971 இற்கும் 1981 இற்கும் இடையே மூன்றரை இலட்சம் பேர் குறைந்துள்ளனர். இந்தியா சென்றோர் இதிற் பெரும் பங்கினர் என்பதில் ஐயமில்லை. எனினும் அவ்வாண்டுகளில் இயற்கைப் பெருக்கமும் நிகழ்ந்திருத்தல் வேண்டுமாதலால், நாடு திரும்பியோரைக் கொண்டு மட்டும் இவ்வீழ்ச்சியை முற்றாக விளக்க இயலாது. ஒரு பகுதியினர் ‘இலங்கைத் தமிழர்’ என்று தம்மைப் பதிந்துகொண்டனர்.

இரத்தினபுரி மாவட்டத்தின் 2012 விபரம் இதனைத் தெளிவாக்கும். ஏறத்தாழ 11 இலட்சம் மக்களைக் கொண்ட அம்மாவட்டத்தில் இந்தியத் தமிழர் 6 சதவீதமளவினர். இலங்கைத் தமிழர் 5 சதவீதமளவினர். வடக்கு கிழக்கிலிருந்து வந்து இரத்தினபுரியில் இவ்வளவு பெருந்தொகையினர் குடியேறியதாக வரலாறு இல்லை. வணிகரும் அலுவலரும் சிலர் வந்திருக்கலாம். எஞ்சியோர் தோட்டத்தின் பிள்ளைகளே. ‘இந்திய’ என்னும் அடைமொழி வாக்குரிமை பறித்தது, கப்பலேற்றியது, லயனுக்குத் தீ வைத்தது. அதனைப் பதிவேட்டிலே துறந்தோரை நாம் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் கணக்கெடுப்பின் வழியே வளம் பங்கிடப்படும் நாட்டில், ஒரு சமூகம் இரு பெயர்களிற் பிரிந்து நிற்பதனால் அதன் உண்மையான அளவு மறைந்துவிடுகிறது.

மற்றொரு மறைவும் உண்டு. இருபது ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புடையதும், பத்துக்குக் குறையாத வதிவிடத் தொழிலாளரைக் கொண்டதுமான நிலமே குடிசன மதிப்பிற் ‘தோட்டம்’ ஆகும். தோட்டம் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் தொகை குறையின், அதே லயனில் வாழும் அதே குடும்பம் மறுமுறை கணக்கெடுக்கையில் ‘கிராமிய’ மக்களாகிவிடுகிறது. அதன் வறுமையும் கிராமிய சராசரிக்குள் கரைந்துபோகிறது.

7. இன்றைய நகர்வு

1992 இல் தோட்ட நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோது மூன்று இலட்சத்துக்கும் மேலிருந்த பதிவுத் தொழிலாளர் தொகை, பின்னைய மூன்று பத்தாண்டுகளில் பாதிக்கும் கீழே சென்றது. நாட்டின் தேயிலையிற் பெரும்பங்கு இன்று சிறுதோட்ட உடைமையாளரிடமிருந்தே வருகிறது. அவ்வுடைமையாளர் மிகுந்த மாவட்டங்களுள் இரத்தினபுரியும் ஒன்று. பேர் பதிந்த தொழிலாளி மறைய, அயற் சிறுதோட்டங்களிற் கைக்காசுக்கு உழைப்பவர் பெருகியுள்ளனர். இளைஞர் கொழும்பின் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் செல்கின்றனர். பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் செல்கின்றனர். பிள்ளைகளை வளர்ப்போர் பாட்டிமாரே. அண்மையில் உயர்வகுப்புத் தமிழ்ப் பாடசாலை இல்லாத இடங்களிற் பிள்ளைகள் சிங்கள மொழிமூலம் கற்பதும் பெருகிவருகிறது. அது குறையென நாம் கூறவில்லை. தெரிவின்றி நிகழ்வதே குறை.

மண்ணும் மக்களைப் பெயர்க்கிறது. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்த அதே நாட்களிற் புளத்கொகுபிட்டியவின் களுப்பான தோட்டத்திலும் மண்சரிவு லயன்களைப் புதைத்து உயிர்களைப் பலிகொண்டது. வீட்டுக்கான நிலத்தைத் தெரிவுசெய்யும் உரிமை லயன் குடியிருப்பாளருக்கு என்றும் இருந்ததில்லை. பேரிடர் நேர்ந்தபின் மாற்றுக் காணி பெறுவதற்கும் அவர்களிடம் உறுதி இல்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படுவன மூன்று. முதலாவது, சபரகமுவத் தோட்ட மக்களின் பெருக்கத்தையும் சுருக்கத்தையும் பயிர், கூலி, நோய் ஆகியன ஒரு பாதியும், நிலவுடைமை, பிரசாவுரிமை, வன்செயல் ஆகியன மறுபாதியும் நிர்ணயித்துள்ளன. இரண்டாவது, இம்மக்கள் வந்ததும் சென்றதும் அவர்தம் சுதந்திரத் தெரிவினால் நிகழ்ந்தமை மிகக் குறைவே. மூன்றாவது, அட்டவணையிற் காணப்படும் சுருக்கம் முழுவதும் மெய்யான சுருக்கம் அன்று.

1988 இன் சட்டமும் 2003 இன் சட்டமும் நாடற்ற நிலையை ஏறத்தாழ முடிவுக்குக் கொண்டுவந்தன. ஆனால் அதற்கு முந்திய நாற்பது ஆண்டுகளில் எத்தோட்டத்திலிருந்து எவர் எங்குச் சென்றனர் என்பது இன்னும் எழுதப்படாமலே உள்ளது. தோட்டங்களின் செக்ரோல் ஏடுகள், பிள்ளைக் காம்பராப் பதிவுகள், பிறப்பு இறப்புப் பதிவேடுகள் ஆகியன தோட்ட அலுவலகங்களின் மூலைகளிற் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. தோட்டங்கள் கைமாறும்போது அவை குப்பையோடு எரிக்கப்படவும் கூடும். எட்டியாந்தோட்டையிலும் இறக்குவானையிலும் 1977 ஐயும் 1981 ஐயும் நேரிற் கண்ட முதியோர் இன்னும் சிலர் உளர். அவ்வேடுகளைப் படியெடுப்பதும், அம்முதியோரின் வாய்மொழியைப் பதிவுசெய்வதும் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்க்கு எட்டாத பணிகளல்ல. அடுத்த தலைமுறை ஆய்வாளர் சபரகமுவவை ஓரிரு வரிகளில் விட்டுவிடாதிருக்க, அப்பணி விரைந்து தொடங்கப்படல் வேண்டும்.